காலடிப்பேட்டை இட்லித் தட்டில் நம் நெல்லுக்கு இடம் உண்டா?

இயற்கை விளைபொருளை யாருக்கு விற்பது என்று நம் கூட்டங்களில் பேச்சு வந்தால், பதில் மூன்றுதான் வரும்: வீட்டுக்கு வாங்குகிறவர்கள், இயற்கை அங்காடிகள், வாரச் சந்தை. விடிவதற்கு முன்பே அடுப்பு மூட்டி, மழையானாலும் வெயிலானாலும் தினம் பத்துக் கிலோ அரிசியைத் தீர்க்கிற ஒரு வாடிக்கையாளர் அந்தப் பட்டியலில் வருவதே இல்லை. அவர்தான் தெருமுனைச் சைவ ஓட்டல்காரர்.

வட சென்னை காலடிப்பேட்டையில் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு சின்ன சைவ கஃபேவில் மூன்று முறை சாப்பிட்டேன். சமையற்கட்டிலும் கொஞ்ச நேரம் நின்றேன். ருசி எப்படி என்று எழுத மட்டும் போகவில்லை. அந்தத் தட்டில் இருப்பது எங்கிருந்து வருகிறது, அதில் நம் நெல்லும் உளுந்தும் ஏற முடியுமா, ஏறினால் கடைக்காரருக்கும் நமக்கும் கட்டுப்படியாகுமா என்று பார்க்கப் போனேன். முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் கடன் மனுக்களைப் படித்தவன். கணக்குப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது. கடைக்காரர் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் கடையின் பெயரை இங்கே சொல்லவில்லை.

ஊரும் கடையும்

காலடிப்பேட்டை என்றால் யாரோ காலடி வைத்த இடம் என்று தோன்றும். உண்மையில் அது ஒரு வெள்ளைக்காரர் பெயர். 1717 முதல் 1720 வரை சென்னையில் கம்பெனியின் கவர்னராக இருந்த ஜோசப் காலட், திருவொற்றியூருக்குப் பக்கத்தில் நெசவாளர்களைக் குடியேற்றிய பேட்டை இது. காலட்பேட்டை நாளடைவில் மக்கள் வாயில் காலடிப்பேட்டை ஆனது. துணி கப்பல் ஏற வேண்டும், அதனால் தறியைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். விற்கிற இடத்துக்கு அருகிலேயே உற்பத்தி என்ற அந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முழுக்க அதுதான் விஷயம்.

2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை நீண்டது. காலடிப்பேட்டைக்கும் ஒரு நிலையம் கிடைத்தது. காசிமேட்டு மீனும் பர்மா அத்தோவும் கூழ் வண்டியும்தான் இந்தப் பக்கத்துச் சாப்பாட்டு அடையாளம். ஆனால் காலையில் வேலைக்கு ஓடுகிறவர்களுக்கும், வெள்ளிக்கிழமை வடிவுடையம்மன் கோயிலுக்கு வருகிறவர்களுக்கும், புரட்டாசி மாதத்தில் பாதி ஊருக்கும் சைவ டிபன் வேண்டும். அந்தக் கூட்டத்தை நம்பித் திறந்த கடை இது.

உள்ளே பத்துப் பேர் உட்காரலாம், வெளியே நின்று சாப்பிட நான்கு உயர மேஜை. கல்லாவில் டோக்கன் வாங்கி நாமே தட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். கணவர் முன்பு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை பார்த்தவர், கல்லாவில் இருக்கிறார். மனைவி சமையற்கட்டைக் கவனிக்கிறார். ஒரு மாஸ்டர், இரண்டு உதவியாளர்கள். இரண்டு இட்லி 30 ரூபாய். பொடி இட்லி, நெய் பொங்கல், வடை, தோசை, ஃபில்டர் காபி. இட்லி பஞ்சாக இருந்தது. கெட்டிச் சட்னியில் பொட்டுக்கடலையைக் கொட்டி ஏமாற்றவில்லை, தேங்காய் தெரிந்தது. சாம்பார் மட்டும் கொஞ்சம் இனிப்பு. காபியைப் பித்தளை டவராவில் தருகிறார்கள். மொத்தத்தில், நின்றுகொண்டே சாப்பிட்டாலும் நிறைவாகச் சாப்பிட்ட கடை.

கப்பலில் வந்த வடை

சாப்பிட்டு முடித்ததும் சரக்கு எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். தம்பி மறைக்காமல் சொன்னார். இட்லி அரிசி மண்டியிலிருந்து. எந்த ஊர் நெல் என்று மண்டிக்காரருக்கே தெரியாது. காய்கறி கோயம்பேட்டிலிருந்து. உளுந்து பர்மா உளுந்து. வடை போடுவது பாமாயிலில்.

யோசித்துப் பாருங்கள். நம் நாடு இறக்குமதி செய்யும் உளுந்தில் பெரும்பங்கு மியான்மரிலிருந்து வருகிறது. அதற்குச் சென்னைத் துறைமுகம் முக்கியமான வாசல். பாமாயில் இந்தோனேசியா, மலேசியா சரக்கு. நாம் சாப்பிடும் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருவதுதான். காலடிப்பேட்டைக்குத் தெற்கே சென்னைத் துறைமுகம், வடக்கே எண்ணூர் காமராசர் துறைமுகம், அதையும் தாண்டிக் காட்டுப்பள்ளி. முந்நூறு வருஷம் முன்பு இங்கே தறி போட்டுக் கப்பலேற்றினோம். இன்று வடையின் உள்ளும் புறமும் கப்பலில் வந்து இறங்குகிறது.

அதே காலடிப்பேட்டைக்கு வடக்கே பொன்னேரி, மீஞ்சூர் வயல்கள் இருக்கின்றன. என் ஐந்து ஏக்கரும் பொன்னேரிப் பக்கம்தான். கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் மின்சார ரயிலேறினால் பொன்னேரியிலிருந்து திருவொற்றியூர் ஏறக்குறைய 25 கிலோமீட்டர், முக்கால் மணி நேரப் பயணம். பெரியபுராணம் சொல்லும் சங்கிலியார் பிறந்த ஞாயிறு என்ற ஊரும் இந்தப் பொன்னேரி வட்டாரம்தான். வேளாண் குடியில் பிறந்து திருவொற்றியூர்க் கோயிலுக்கு மாலை தொடுக்க வந்தவர் அவர். வயலுக்கும் இந்த ஊருக்கும் உள்ள வழி அவ்வளவு பழசு. பர்மா உளுந்துக்கு வழி தெரிகிறது, பொன்னேரி உளுந்துக்குத் தெரியவில்லை. ஏன்?

விலை என்று உடனே சொல்லிவிடுவோம். விலையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு தட்டுக்கு எவ்வளவு?

அந்தக் கடையில் நாளொன்றுக்கு 250 இட்லி, 125 தோசை போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ அரிசிக்குக் கால் கிலோ உளுந்து சேர்த்து அரைத்தால் சுமார் 50 இட்லி வரும், அல்லது 25 தோசை வரும். அப்படியானால் தினம் 10 கிலோ அரிசி, இரண்டரைக் கிலோ உளுந்து. மாதத்துக்கு 300 கிலோ அரிசி, 75 கிலோ உளுந்து.

மண்டி இட்லி அரிசி கிலோ 45 ரூபாய், நம் அரிசி 80 ரூபாய் என்று கொள்ளுங்கள். வித்தியாசம் 35. சந்தை உளுந்து 120, நம் உளுந்து 180. வித்தியாசம் 60. உங்கள் ஊர் விலைக்கு ஏற்ப எண்களை மாற்றிக்கொள்ளலாம். கணக்கின் முறை அதேதான்.

அரிசிக்கு மாதம் கூடுதலாக 10,500 ரூபாய். உளுந்துக்கு 4,500. மொத்தம் 15,000. கேட்டால் கடைக்காரர் பயந்துவிடுவார். ஆனால் இதைத் தட்டுக்கணக்கில் பாருங்கள். இரண்டு இட்லி ஒரு தட்டு என்றால் 125 தட்டு, தோசை 125 தட்டு, ஆக நாளைக்கு 250. மாதத்துக்கு 7,500 தட்டு. 15,000-ஐ 7,500-ஆல் வகுத்தால் தட்டுக்கு இரண்டு ரூபாய். அவ்வளவுதான். 30 ரூபாய்த் தட்டு 32 ஆகும்.

அரிசி விலை ஏறக்குறைய இரட்டிப்பாகியும் தட்டு விலை ஏன் இவ்வளவு குறைவாக ஏறுகிறது? ஓட்டலில் நாம் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி வாடகை, சம்பளம், எரிவாயு, மின்சாரம் என்று போகிறது. இரண்டு இட்லியில் இருக்கும் அரிசி 40 கிராம்தான். இதை ஓட்டல்காரரிடம் தட்டுக்கணக்கில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். கிலோ கணக்கில் பேசினால் 80 ரூபாய் என்றதுமே பேச்சு முடிந்துவிடும்.

இரண்டு ரூபாய் எல்லோருக்கும் சின்னத் தொகை இல்லை என்பதும் உண்மை. 2013-ல் தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கூலி வேலைக்காரர்களுக்கு அது பெரிய உதவி. அங்கே சாப்பிடுகிறவரிடம் இந்தக் கணக்கைச் சொல்ல முடியாது. ஆனால் 30 ரூபாய் கொடுத்து கஃபேவில் சாப்பிடுகிறவர் 32 கொடுப்பார். அதற்கு ஒரே நிபந்தனை, இட்லி நேற்றைப் போலவே இன்றும் இருக்க வேண்டும்.

மாஸ்டர் சொன்ன காரணம்

விலை தடையில்லை என்றால் வேறென்ன தடை? அதை மாஸ்டர்தான் சொன்னார்.

"சார், நல்ல அரிசின்னு ரெண்டு மூணு பேரு வந்து குடுத்துட்டுப் போயிருக்காங்க. மொத மூட்டை சூப்பரா இருக்கும். ரெண்டாவது மூட்டை வேற மாதிரி இருக்கும். தண்ணி அளவு மாறும், ஊற நேரம் மாறும். காலைல ஆறு மணிக்குத் தட்டுல மாவு பொங்கலைன்னா அன்னிக்குக் கடையே போச்சு. கஸ்டமர் பக்கத்துக் கடைக்குப் போயிடுவாரு. மண்டி அரிசி சுமார்தான், ஆனா தினமும் ஒரே சுமார்."

அந்தக் கடைசி வாக்கியத்தை நம் களத்துமேட்டில் எழுதி வைக்க வேண்டும். மாவு பொங்குவது ஒரு நுட்பமான வேலை. உளுந்தில் உள்ள வழுவழுப்பு காற்றைப் பிடித்து வைக்கிறது. நுண்ணுயிர்கள் இரவெல்லாம் வேலை செய்து மாவைத் தூக்குகின்றன. உளுந்து பழசானால் நுரை கட்டாது. புதுநெல் அரிசியாக இருந்தால் இட்லி ஒட்டும். புழுங்கல் சரியாக வேகாத அரிசி என்றால் நொறுங்கி, மாவு நீர்த்துப்போகும். தவிடு நீக்காத சிவப்பு அரிசி மண்டி அரிசியைவிட இரண்டு மூன்று மணி நேரம் கூடுதலாக ஊற வேண்டும்.

வீட்டுக்கு வாங்குகிற அம்மா இட்லி ஒரு நாள் கல்லாக வந்தால் பொறுத்துக்கொள்வார். ஓட்டலில் அது நடக்காது. அதனால் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது பேச்சு சாமர்த்தியம் இல்லை. ஒரே ரகம், ஒரே பழமை, ஒரே புழுங்கல்.

இங்கே நம் ஆசை ஒன்று குறுக்கே வரும். நெல் ஜெயராமன் 174 பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் வழியில் நாமும் ஆளுக்குப் பத்து ரகம் கால் ஏக்கர், அரை ஏக்கர் என்று போடுகிறோம். விதைப் பாதுகாப்புக்கு அது தேவை. ஆனால் ஓட்டலுக்குப் பத்து ரகம் வேண்டாம், ஒன்று போதும். இட்லிக்குக் குண்டு ரகம் வேண்டும். மண்டியில் ஏ.டி.டி. 37, ஏ.எஸ்.டி. 16 போன்றவை இட்லி அரிசியாகப் போவது அதனால்தான். நம் ரகங்களில் குள்ளக்கார் இட்லி தோசைக்குப் பேர் போனது. நிறம் பற்றிக் கேட்டபோது அந்தம்மா, "பொடி இட்லில நிறமே தெரியாது சார், அதுல ஆரம்பிக்கலாம்" என்றார். சமையல் தெரிந்தவர் தருகிற யோசனை அப்படித்தான் இருக்கும்.

கடைகள் மாறாது என்று நினைக்க வேண்டாம். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி வருவது நின்று தட்டுப்பாடு வந்தபோது, பெங்களூர் எம்.டி.ஆர். ரவையில் இட்லி ஊற்றிப் பார்த்ததுதான் ரவா இட்லி என்று அந்த நிறுவனமே சொல்கிறது. சரக்கு மாறினால் சமையற்கட்டு தன்னை மாற்றிக்கொள்ளும். ஆனால் புதுச் சரக்கு நாளைக்கும் வரும் என்ற நம்பிக்கை அதற்கு வேண்டும்.

ஒரு கடைக்கு எத்தனை ஏக்கர்?

மாதம் 300 கிலோ அரிசி என்றால் வருஷத்துக்கு 3,600 கிலோ. நெல்லில் அரிசி நூற்றுக்கு 63 கிடைத்தால், தேவைப்படும் நெல் சுமார் 5,700 கிலோ. பாரம்பரிய ரகம் ஏக்கருக்கு 1,400 கிலோ என்று வைத்தால் நான்கு ஏக்கர் வேண்டும். உளுந்து வருஷத்துக்கு 900 கிலோ. தோல் நீக்கும் கழிவையும் சேர்த்தால் 1,200 கிலோவுக்கு மேல் விளைய வேண்டும். நெல் தரிசில் விதைக்கும் உளுந்து ஏக்கருக்கு 250 கிலோ தந்தால் ஐந்து ஏக்கர்.

இதில் அழகு என்னவென்றால், இரண்டுக்கும் ஏறக்குறைய அதே நிலம் போதும். சம்பா அறுவடைக்கு முன்பே வயல் ஈரத்தில் உளுந்தைத் தெளித்துவிட்டால் இட்லியின் இரண்டு பாதியும் ஒரே வயலில் விளைந்துவிடும். ஒரு சின்னக் கடைக்கு ஐந்து ஏக்கர். காலடிப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை இப்படிப் பத்துக் கடை பிடித்தால் ஐம்பது ஏக்கர் இயற்கை நிலத்துக்கு நிரந்தரச் சந்தை.

நமக்குக் கட்டுப்படியாகுமா? 2025-26 பருவத்தில் நேரடிக் கொள்முதல் நிலையத்தில் சாதாரண ரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். ரசாயன முறையில் 22 குவிண்டால் எடுப்பவருக்கு ஏக்கருக்கு 55,000 வரும். நாம் ஒரு குவிண்டாலை அரிசியாக்கி 80 ரூபாய்க்கு விற்றால் 5,040. அவியல், அரவை, ஏற்றுக்கூலி, சேமிப்பு எல்லாம் போக 4,000 நிற்கும். 14 குவிண்டாலுக்கு 56,000. மொத்த வரவு ஏறக்குறைய சமம்தான். அதிகம் என்று சொல்லி உங்களை ஆசை காட்ட மாட்டேன். லாபம் எங்கே என்றால் உரம், பூச்சிமருந்துச் செலவு மிச்சமாவதிலும், உளுந்திலும், விலை வருஷம் முழுக்க நின்று பேசுவதிலும்தான்.

எண்ணெய்: மெதுவாகப் போவோம்

திருவொற்றியூரில் எண்ணெயைப் பற்றிப் பேசினால் கலிய நாயனாரை விட முடியாது. செக்காட்டும் குலத்தில் பிறந்து, கோயில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவதையே தொண்டாகக் கொண்டவர். செல்வம் போன பிறகும் கூலிக்குச் செக்கோட்டி விளக்கெரித்தார் என்கிறது பெரியபுராணம். செக்குகளின் ஊரில் இன்று கடாயில் கொதிப்பது பாமாயில்.

ஆனால் வடையைச் செக்கு கடலை எண்ணெய்க்கு மாற்றச் சொல்லி நான் வற்புறுத்தவில்லை. வடை குடிக்கும் எண்ணெய்க்கு மட்டும் என்றால் ஒரு ரூபாய், ஒன்றரை ரூபாய்தான் கூடும். கடாயில் மிஞ்சுவதைக் கொட்டுவதில்தான் நஷ்டம். விலை கூடிய எண்ணெய் என்றால் மறுபடி மறுபடி காய்ச்சும் ஆசை வரும். 2018 ஜூலை முதல், திரும்பத் திரும்பக் காய்ச்சி மொத்த துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணைய விதி இருக்கிறது. கெட்ட செக்கெண்ணெயும் கெட்டதுதான். அதனால் தாளிப்புக்கும், பொடிக்கு ஊற்றவும், தோசைக்கல்லுக்கும் முதலில் நம் எண்ணெய் போகட்டும். மணம் தெரியும் இடம் அதுதான். பொடி இட்லிக்குச் செக்கு நல்லெண்ணெய் ஊற்றினால் வாடிக்கையாளர் தானாகவே கேட்பார்.

கடைக்குப் போவதற்கு முன்

இந்தக் கடையோடு பேசியதிலும், வங்கி அனுபவத்திலும் எனக்குத் தெளிவானவை:

முதலில், தனி ஆளாகப் போகாதீர்கள். ஒருவர் வயலில் ஒரு வெள்ளம் வந்தால் கடைக்கு அரிசி நின்றுவிடும். ஐந்து பேர் சேர்ந்து ஒரே ரகம் போடுங்கள். பி.ஜி.எஸ். பங்கேற்புச் சான்றிதழ்க் குழுவுக்கும் குறைந்தது ஐந்து விவசாயிகள் வேண்டும். இரண்டும் ஒரே வேலையாக முடியும்.

இரண்டாவது, நெல்லாகவே சேமித்து, குறைந்தது ஆறு மாதம் பழக்கி, மாதாமாதம் அரைத்துக் கொடுங்கள். எல்லா நெல்லும் ஒரே ஆலையில் ஒரே முறையில் அவியட்டும்.

மூன்றாவது, பத்துக் கிலோவைக் கொடுத்து மாஸ்டரோடு மூன்று இரவு மாவு போட்டுப் பாருங்கள். ஊற நேரம், தண்ணீர் அளவு, உளுந்து விகிதம் மூன்றையும் சீட்டில் எழுதி மூட்டையோடு கொடுங்கள். முதலாளி சம்மதித்தாலும் மாஸ்டர் சம்மதிக்காத அரிசி கடையில் நிற்காது.

நான்காவது, பணம். மண்டிக்காரர் பதினைந்து நாள் கடன் தருகிறார். நாம் ரொக்கம் கேட்டால் கடை திரும்பிப் பார்க்காது. கணக்கில்லாமல் கடன் விட்டால் நாம் மூழ்குவோம். நடுவழி ஒன்று உண்டு. புது மூட்டை இறங்கும்போது பழைய மூட்டைக்குப் பணம். கடையில் நம் பணம் ஒரு தவணைச் சரக்குக்கு மேல் எப்போதும் நிற்கக் கூடாது.

ஐந்தாவது, வரி. 25 கிலோ வரை பொட்டலம் கட்டி லேபிள் ஒட்டிய அரிசிக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. கடைகளில் 26 கிலோ மூட்டை வந்த கதை அதுதான். ஓட்டல்காரர் 5 சதவீத வரியில் இருந்தால், வாங்கிய சரக்கின் வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. அது அவருக்குச் செலவு. இதைத் தெரிந்துகொண்டு மூட்டை போடுங்கள்.

ஆறாவது, பலகை. சான்றிதழ் இல்லாமல் 'ஆர்கானிக் இட்லி' என்று கடையில் எழுத வைக்காதீர்கள். 2017-ன் இயற்கை உணவு விதிகளில், சான்றில்லாமல் விற்கச் சிறு விவசாயிக்குள்ள சலுகை, சாப்பிடுகிறவருக்கே நேரடியாக விற்பதற்குத்தான். கடைக்காரர் வம்பில் மாட்டக் கூடாது. 'பொன்னேரிக் குள்ளக்கார் இட்லி' என்று ரகத்தையும் ஊரையும் எழுதச் சொல்லுங்கள். அது உண்மையாக இருந்தால் போதும்.

இலையையும் மறக்காதீர்கள். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை. அந்தக் கடையில் தட்டின் மேல் வாழையிலைத் துண்டு போட்டுத்தான் பரிமாறுகிறார்கள். அதுவும் கோயம்பேட்டிலிருந்துதான் வருகிறது. வரப்பில் வாழை வைத்திருப்பவர்கள் அரிசிக்கு முன்பே இலையோடு உள்ளே நுழையலாம். முதலீடு குறைவு, தினசரிப் பணம்.

எங்கள் பக்கத்தில் நான்கு பேர் இந்தப் பருவத்தில் சேர்ந்து குள்ளக்கார் போடுவதாகப் பேசியிருக்கிறோம். இன்னும் ஒருவர் தேவை. நெல் பழகி கடைக்குப் போக அடுத்த ஆடி ஆகிவிடும். அதற்குள் நீங்கள் உங்கள் வயலிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கும் ஒரு சைவக் கடையில் போய்ச் சாப்பிடுங்கள். சாப்பிட்டுவிட்டு, தினம் எத்தனை கிலோ அரைக்கிறீர்கள், அரிசி எவ்வளவு நேரம் ஊறுகிறது என்ற இரண்டு கேள்வியை மாஸ்டரிடம் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். கூட்டத்தில் உட்கார்ந்து எத்தனை ஏக்கர் போடலாம் என்று சேர்ந்தே கணக்குப் போடுவோம்.